ஒற்றை எழுத்துச் சுருக்கம்: வசதியும் ஆபத்தும்



பழைய கிரயப் பத்திரம் ஒன்றைப் பிரித்தால் நம் வயதுக்காரர்களுக்கு முதலில் கண்ணில் படுவது 'ஷை' என்ற எழுத்துதான். 'ஷை கிராமம்', 'ஷை தேதி', 'ஷை நபர்' என்று பத்திரம் முழுக்க வரும். மேற்படி என்று பொருள். நமக்கு அது சாதாரணம். இன்றைய பிள்ளைகளிடம் காட்டினால் யாரோ ஒருவருடைய பெயர் என்று நினைக்கிறார்கள்.

'ஷை' மட்டுமா? வருஷத்துக்கு ௵, மாதத்துக்கு ௴, நாளுக்கு ௳, பற்றுக்கு ௶, வரவுக்கு ௷, மேற்படிக்கு ௸, ரூபாய்க்கு ௹ என்று நம் கணக்குப்பிள்ளைகள் தனித்தனிக் குறி வைத்திருந்தார்கள். கடிதத்தின் தலையில் 'ம.ரா.ரா.ஸ்ரீ' என்று போட்டால் மகாராஜ ராஜஸ்ரீ என்று வாசித்துக்கொள்ள வேண்டும். ஒரு நாளைக்கு நூறு தடவை எழுதுகிறவன் நூறு தடவையும் முழுச் சொல்லை எழுத மாட்டான். சுருக்கம் பிறக்கிற இடம் அதுதான்.

இந்தச் சுருக்க எழுத்து கணினிக்குள் போன வரலாற்றைத்தான் இன்று எழுதப் போகிறேன். குறிப்பாக, தீயரண் என்கிற ஃபயர்வாலை இயக்கும் கட்டளைகளில் அது என்ன செய்தது என்று. ஓய்வு பெற்ற எழுத்தருக்கு இதில் என்ன வேலை என்று கேட்பீர்கள். பொங்கலுக்கு ஆரணி வந்திருந்த என் தங்கையின் பேரன்தான் காரணம். சென்னையில் ஒரு கம்பெனியில் சர்வர்களைப் பார்த்துக்கொள்கிற வேலை அவனுக்கு. தீயரணை நிர்வகிக்க அவர்கள் சொந்தமாக ஒரு கருவி செய்து வைத்திருக்கிறார்களாம். அதில் ஒவ்வொரு கட்டளையையும் நீள நீளமான சொற்களாகத் தட்டச்சு செய்ய வேண்டியிருக்கிறது. கூட வேலை செய்பவர்கள் சலித்துப்போய், எல்லாவற்றுக்கும் ஒற்றை எழுத்துச் சுருக்கம் வேண்டும் என்று கேட்டிருக்கிறார்கள். அந்த வேலை இவன் தலையில் விழுந்தது.

"தாத்தா, 'பி'ங்கிறது ஒரே எழுத்துதான். போர்ட்டுக்கும் அதான் வேணும், புரோட்டோகாலுக்கும் அதான் வேணும், பெர்மனென்டுக்கும் அதான் வேணும். யாருக்குக் குடுக்கிறதுன்னே தெரியல" என்றான்.

"இந்தச் சண்டை கம்ப்யூட்டர் வர்றதுக்கு முன்னாடியே உண்டுப்பா" என்றேன். இரண்டு நாள் அவனோடு உட்கார்ந்து பேசியதில் நான் அவனிடம் கற்றதும், அவனுக்கு நான் சொன்னதும் சேர்ந்ததுதான் இந்தக் கட்டுரை.

முதலில், தீயரண் என்றால் என்ன? பிரெஞ்சில் இதைப் 'பார்-ஃபே' என்பார்கள். தீயைத் தடுப்பது என்று அர்த்தம். ஒரு கணினிக்கும் வெளி உலகத்துக்கும் நடுவே இருக்கிற செக்போஸ்ட் என்று வைத்துக்கொள்ளுங்கள். செக்போஸ்ட் காவலரிடம் ஒரு விதிப் பட்டியல் இருக்கிறது. எந்த ஊரிலிருந்து வருகிற வண்டி, எந்த வாசலுக்குப் போகிறது, விடலாமா கூடாதா என்று வரி வரியாக எழுதியிருக்கும். வருகிற ஒவ்வொரு தகவல் பொட்டலத்துக்கும் அவர் பட்டியலை மேலிருந்து கீழாகப் பார்ப்பார். 'விடு' அல்லது 'தடு' என்று எந்த வரி முதலில் பொருந்துகிறதோ, அதுவே தீர்ப்பு. பட்டியலில் எதுவுமே பொருந்தாவிட்டால் பொதுக்கொள்கை என்று ஒன்று இருக்கும். அதன்படி விடுவார் அல்லது தடுப்பார். இந்தப் பட்டியலில் வரி சேர்ப்பதும் அடிப்பதும்தான் தீயரண் கருவியின் வேலை.

இனி வரலாற்றுக்கு வருகிறேன். நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். அதனால் தூரத்துக்குச் செய்தி அனுப்பும் சுருக்கக் குறி என்றாலே எனக்கு முதலில் நினைவுக்கு வருவது குளோத் ஷாப் என்ற பிரெஞ்சுக்காரர்தான். மின்சாரத் தந்திக்கு அரை நூற்றாண்டு முன்பு, 1794-இல், பாரிசுக்கும் லீல் நகரத்துக்கும் இடையே அவர் ஒரு தந்தி வழியை அமைத்தார். மேடான இடங்களில் கோபுரங்கள். கோபுர உச்சியில் அசைகிற மரக் கைகள். ஒரு கோபுரத்தில் கை எப்படி நிற்கிறது என்று அடுத்த கோபுரத்துக்காரர் தூரக்கண்ணாடியில் பார்த்து, அப்படியே தன் கோபுரத்திலும் நிறுத்துவார். ஒவ்வொரு எழுத்தாக அனுப்பினால் நேரமாகிறது என்று குறிப்புத்தகம் ஒன்று தயாரித்தார்கள். 92 பக்கம், பக்கத்துக்கு 92 வரி. முதல் குறி பக்க எண், இரண்டாவது குறி வரி எண். இரண்டே அசைவில் 8,464 சொற்களில் எதை வேண்டுமானாலும் அனுப்பலாம்.

நம் தந்தி இலாகாவின் வாழ்த்துத் தந்தியும் இதே யோசனைதான். திருமணத்துக்கு ஒரு எண், தீபாவளிக்கு ஒரு எண். எண்ணை மட்டும் அனுப்பினால் போதும், அந்தப் பக்கத்தில் முழு வாழ்த்தாக எழுதிக் கொடுப்பார்கள். 2013 ஜூலை 14-ஆம் தேதியோடு தந்தி சேவையே முடிந்துபோனது.

ஷாப் முறையில் ஒரு விஷயம் கவனிக்கத்தக்கது. நடுவில் இருந்த கோபுரக்காரர்களுக்குக் குறியின் பொருள் தெரியாது. குறிப்புத்தகம் பெரிய அதிகாரிகளிடம் மட்டும்தான். இரகசியம் காப்பதற்கு இது நல்ல ஏற்பாடு என்று நினைத்தார்கள். அதிலேயே ஓட்டை விழுந்தது. பொர்தோ நகரத்தைச் சேர்ந்த பிளான் சகோதரர்கள் என்ற இருவர், பாரிஸ் பங்குச் சந்தை நிலவரத்தை மற்றவர்களுக்கு முன்னால் தெரிந்துகொள்ளப் பார்த்தார்கள். தூர் நகரத்துத் தந்திக்காரருக்குக் கையூட்டுக் கொடுத்து, அரசாங்கச் செய்தியின் நடுவே ஒரு தவறான குறியையும், அடுத்ததாக 'முந்தைய குறி பிழை' என்ற திருத்தக் குறியையும் சேர்க்கச் சொன்னார்கள். கடைசியில் செய்தியைப் பெயர்த்து எழுதும்போது பிழை நீங்கிவிடும். ஆனால் வழியில் கோபுரத்தைப் பார்த்துக்கொண்டிருந்த அவர்களுடைய ஆளுக்குச் சேதி கிடைத்துவிடும். 1834 முதல் 1836 வரை இது நடந்தது. நடுவில் இருந்தவர்கள் எவருக்கும் சந்தேகம் வரவில்லை. தாங்கள் கடத்துவது என்னவென்றே தெரியாதவர்களுக்குச் சந்தேகம் எப்படி வரும்? 1837-இல் வழக்கு நடந்தபோது, அரசுத் தந்தியில் தனியார் செய்தி அனுப்புவதைத் தண்டிக்கச் சட்டமே இல்லை என்று தெரிந்தது. அதே ஆண்டில்தான் தந்தியை அரசின் ஏகபோகமாக்கும் சட்டம் வந்தது. பொருள் தெரியாமல் கடத்தப்படுகிற சுருக்கக் குறியில் திருட்டு எளிதாக ஒளிந்துகொள்ளும் என்பதற்கு இது பழைய சாட்சி.

அடுத்து அமெரிக்கா. 1969-இல் பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்சன், டென்னிஸ் ரிச்சி ஆகியோர் யூனிக்ஸ் என்ற இயங்குதளத்தை உருவாக்கத் தொடங்கினார்கள். அப்போது இன்றைய திரைகள் இல்லை. 'டெலிடைப் 33' என்ற தட்டச்சு இயந்திரத்தைத்தான் பெரும்பாலும் பயன்படுத்தினார்கள். நம் பழைய ரெமிங்டன் மாதிரி விரல் வலிக்க அழுத்த வேண்டிய சாவிகள். நொடிக்குப் 10 எழுத்துதான் அடிக்கும். ஆகவே எல்லாவற்றையும் குறுக்கினார்கள். பட்டியல் காட்ட 'எல்.எஸ்.', நகல் எடுக்க 'சி.பி.', அழிக்க 'ஆர்.எம்.' என்று இரண்டிரண்டு எழுத்து. அதற்குப் பின்னால் ஒரு சிறு கோடு போட்டு ஒற்றை எழுத்து எழுதினால், அந்தக் கட்டளையை எந்த விதமாகச் செய்ய வேண்டும் என்ற விருப்பம். 'கிரியேட்' என்ற சொல்லில் கடைசி எழுத்தைக்கூட வெட்டிவிட்டார்கள். யூனிக்ஸை மறுபடி செய்தால் எதை மாற்றுவீர்கள் என்று பிற்காலத்தில் கேட்டபோது, அந்த எழுத்தைச் சேர்ப்பேன் என்று தாம்சன் வேடிக்கையாகச் சொன்னாராம்.

பிறகு 1983-இல் ரிச்சர்ட் ஸ்டால்மன் அறிவித்த குனு திட்டம் வந்தது. குனுக்காரர்கள் ஒரு நல்ல காரியம் செய்தார்கள். சிறு கோடு ஒன்றானால் ஒற்றை எழுத்து. கோடு இரண்டானால் முழுச் சொல். ஒற்றை எழுத்து விருப்பங்களுக்கு இணையான முழுச் சொல்லும் இருக்க வேண்டும் என்று தங்கள் விதிப்புத்தகத்திலேயே எழுதி வைத்தார்கள். தினமும் புழங்குகிறவர் எழுத்தைத் தட்டலாம்; புதிதாக வந்தவர் சொல்லைப் படித்துப் புரிந்துகொள்ளலாம்.

லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-இல் தொடங்கிய லினக்ஸும் இதே வழியில் வந்தது. சென்னையிலுள்ள சி-டாக் மையம் உருவாக்கிய 'பாஸ்' என்ற இந்திய இயங்குதளமும் லினக்ஸ் குடும்பம்தான். லினக்ஸின் தீயரணுக்கு 2001 ஜனவரியில் 'ஐபி டேபிள்ஸ்' என்ற கருவி வந்தது. ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த ரஸ்டி ரஸ்ஸல் தொடங்கிய வேலை அது. சுருக்க எழுத்தும் உண்டு, முழுச் சொல்லும் உண்டு. ஆனால் வேலை செய்பவர்கள் கைக்குச் சுருக்க எழுத்துதான் பழகிப்போனது.

அந்த எழுத்துகளைப் பேரன் ஒரு தாளில் எழுதிக் காட்டினான். பார்த்ததும் எனக்குத் திக்கென்றது. ஆங்கிலத்தில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து என்று உண்டல்லவா? பெரிய 'டி' என்றால் விதியை நீக்கு. சின்ன 'டி' என்றால் போய்ச்சேரும் முகவரி. பெரிய 'பி' என்றால் பொதுக்கொள்கையை மாற்று. சின்ன 'பி' என்றால் எந்த நெறிமுறை. பெரிய 'ஐ' என்றால் பட்டியலின் தலையில் விதியைச் சேர்; சின்ன 'ஐ' என்றால் எந்த வழியாக உள்ளே வருகிறது. பெரிய 'ஏ' என்றால் பட்டியலின் வாலில் சேர். தலையில் சேர்ப்பதற்கும் வாலில் சேர்ப்பதற்கும் ஒரே எழுத்துதான் வித்தியாசம். ஆனால் முதலில் பொருந்துகிற வரிதான் தீர்ப்பு என்பதால், தலையில் சேர்க்க வேண்டிய தடையை வாலில் சேர்த்தால், மேலே இருக்கிற ஏதோ ஒரு அனுமதி வரி திருடனை உள்ளே விட்டுவிடும்.

இன்னொன்று பெரிய 'எஃப்'. எல்லா விதிகளையும் ஒரே வீச்சில் துடைத்துவிடும். எந்தப் பட்டியல் என்று பெயர் சொல்லாவிட்டால், அந்த அட்டவணையின் எல்லாப் பட்டியலையும் துடைக்கும். ஆனால் பொதுக்கொள்கையைத் தொடாது. சென்னையில் உட்கார்ந்துகொண்டு வெளியூரில் இருக்கிற சர்வரை ஒருவர் இயக்குகிறார் என்று வையுங்கள். அங்கே பொதுக்கொள்கை 'தடு' என்று இருக்கிறது. அவரை உள்ளே விடுவதற்கு ஒரு அனுமதி வரி இருக்கிறது. பெரிய 'எஃப்' தட்டியதும் அந்த வரி போய்விடும், 'தடு' மட்டும் மிஞ்சும். செய்த தப்பைச் சரிசெய்யக்கூட அவர் உள்ளே நுழைய முடியாது. வாசலில் நின்றுகொண்டு சாவியை உள்ளே போட்டுப் பூட்டிய கதை.

நம் ஆரணி நெசவாளர்களுக்கு இது சொல்லாமலே புரியும். ஜக்கார்டு பெட்டியில் மாட்டுகிற அட்டையில் ஒரு ஓட்டை தப்பாக விழுந்தால், அட்டைச் சங்கிலி சுற்றி வருகிற ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் கரையில் பிசகும். அட்டையைப் பார்த்தால் ஒரு ஓட்டை. புடவையைப் பார்த்தால் முழம் முழமாக நஷ்டம்.

நான் வேலை பார்த்த அரசு அலுவலகங்களிலும் இப்படி ஓர் எழுத்து வழக்கம் உண்டு. மாவட்ட அலுவலக நடைமுறை தெரிந்தவர்களுக்கு நினைவிருக்கும். ஒரு கோப்பு முடிந்ததும் அதன் தலையில் ஓர் எழுத்துப் போட்டுப் பைசல் செய்ய வேண்டும். 'ஆர். டிஸ்.' என்றால் நிரந்தரமாக வைக்க வேண்டும். 'டி. டிஸ்.' என்றால் 10 ஆண்டு. 'கே. டிஸ்.' என்றால் 3 ஆண்டு. 'எல். டிஸ்.' என்றால் ஓராண்டு. அதற்குப் பிறகு அழித்துவிடலாம். ஒரு கோப்பின் ஆயுள் முழுக்க அந்த ஒற்றை எழுத்தில் இருந்தது.

வட ஆற்காடு மாவட்டம் பிரிக்கப்படாத காலம். ஓர் அலுவலகத்துக்கு நான் மாற்றலாகிப் போயிருந்தேன். கைத்தறி நெய்கிற ஒரு விதவை அம்மாள் வந்தார். கணவர் இறந்த பிறகு வீட்டுமனைப் பட்டாவைத் தன் பெயருக்கு மாற்றக் கேட்டு நாலு வருஷத்துக்கு முன்பு மனுக் கொடுத்திருந்தார். கொழுந்தனார் ஆட்சேபம் சொல்ல, விசாரணை நடந்து, அம்மாளுக்குச் சாதகமாக முடிந்தது. இப்போது கொழுந்தனார் மறுபடி தகராறு செய்கிறார். அந்த விசாரணைக் கோப்பு வேண்டும். பதிவறையில் தேடினோம், இல்லை. பதிவேட்டில் பார்த்தால், எனக்கு முன்னால் அந்த இருக்கையில் இருந்த யாரோ 'எல்.' என்று போட்டிருந்தார்கள். ஓராண்டு முடிந்ததும் விதிப்படி கோப்பை அழித்துவிட்டார்கள். சாட்சிகளின் வாக்குமூலம், ஊர்ப் பெரியவர்கள் கையெழுத்து, அம்மாள் கொடுத்த அசல் ரசீது, எல்லாமே போயிற்று. பதிவேட்டில் மிஞ்சியது ஒரு எண்ணும் ஒரு எழுத்தும்.

"நான் படிக்காதவ சாமி. அந்த எழுத்து என்னன்னு எனக்கு யாரு சொன்னா?" என்று அந்த அம்மாள் கேட்டார். பதில் சொல்ல யாரிடமும் ஒன்றும் இல்லை.

கடைசியில் அவரைக் காப்பாற்றியது சார்பதிவாளர் அலுவலகம். கணவரும் கொழுந்தனாரும் செய்துகொண்ட பாகப்பிரிவினை அங்கே பதிவாகியிருந்தது. அங்கே பத்திரத்தின் வாசகம் முழுவதும் நகலாக இருக்கும். சொத்துப் பத்திரங்களின் முதல் புத்தகத்தை அழிப்பதே இல்லை. நகல் எடுத்து, மறுபடி மனுப் போட்டு, இரண்டு வருஷம் அலைந்து பட்டா வாங்கினார். ஒழுங்காக ஓர் எழுத்து விழுந்திருந்தால் அந்த இரண்டு வருஷம் தறியை விட்டு அவர் இறங்க வேண்டியிருக்காது.

இதைக் கேட்டதும் பேரன் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அப்போ சுருக்கமே வேணாங்கிறீங்களா தாத்தா?" என்றான்.

அப்படி இல்லை. சுருக்கம் இல்லாவிட்டால் எந்த அலுவலகமும் நடக்காது. எதைச் சுருக்குவது, எதை முழுசாக எழுதுவது என்பதுதான் கேள்வி. இதற்கு நம் பக்கத்திலேயே, ஆரணிக்கும் போளூருக்கும் இடையில், திருமலையில் ஒரு நல்ல பாடம் இருக்கிறது. குந்தவைப் பிராட்டியார் பெயரில் குந்தவை ஜினாலயம் என்று வழங்கிய சமணக் கோயில் அங்கே உண்டு. முதலாம் இராஜேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு ஒன்றில், மன்னனின் வெற்றிகளைச் சொல்லி முடித்த பிறகு, ஒரு வணிகரின் மனைவி சாமுண்டப்பை என்பவர் அந்தக் கோயிலுக்கு நந்தா விளக்கு ஒன்றுக்குக் காசு இருபதும், திருவமுதுக்குக் காசு பத்தும் கொடுத்த செய்தி வருகிறது. அவர் பெயர், கணவர் பெயர், ஊர், நாடு எல்லாம் உண்டு. பொதுவாக நம் கல்வெட்டுகளில் 'ஆவது' போன்ற அடிக்கடி வருகிற சொற்களுக்குச் சுருக்கக் குறி போடுவார்கள். ஆனால் யார் கொடுத்தது, எதற்குக் கொடுத்தது என்பதை இங்கே முழுசாகவே வெட்டியிருக்கிறார்கள். கல்லில் ஒவ்வொரு எழுத்துக்கும் உளி பிடிக்கிற உழைப்பு இருந்தும், அதில் சிக்கனம் பார்க்கவில்லை. அதனால்தான் 1890-இல் ஹுல்ஷ் என்ற ஜெர்மானிய அறிஞர் தென்னிந்தியக் கல்வெட்டுகள் முதல் தொகுதியில் அதை வாசித்துப் பதிப்பிக்க முடிந்தது. ஆயிரம் வருஷம் கழித்து நமக்கும் அந்த அம்மையாரின் பெயர் தெரிகிறது.

ஆகவே பேரனுக்கு நான் சொன்னது இவ்வளவுதான். சுருக்கம் எதுவானாலும் அதற்குப் பக்கத்தில் முழுச் சொல் ஒன்று இருக்கட்டும். கையால் தட்டும்போது எழுத்து. எழுதி வைத்துப் பலரும் படிக்கிற கட்டளைக் கோப்பில் முழுச் சொல். பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் வேறு வேறு பொருள் தருகிற ஜோடியே வேண்டாம். அழிக்கிற வேலைக்குச் சுருக்கம் கொடுக்காதே. அழிக்கிறவன் முழுச் சொல்லையும் தட்டட்டும், அந்த நேரத்திலாவது யோசிப்பான்.

இது என் கண்டுபிடிப்பு ஒன்றும் இல்லை. கணினித் துறையினரே அந்தப் பக்கம்தான் நகர்ந்திருக்கிறார்கள். 2008-இல் உபுண்டுவில் வந்த எளிய தீயரண் கருவியில் 'அனுமதி', 'மறு' என்று பொருள்படும் முழு ஆங்கிலச் சொற்களையே தட்டுகிறார்கள். 2013-இல் ஃபெடோராவின் இயல்பான தீயரணாக வந்த 'ஃபயர்வால்-டி'யின் கட்டளையில் பெரும்பாலும் நீளச் சொற்கள்தான். 2014-இல் லினக்ஸுக்குள் சேர்ந்த 'என்.எஃப். டேபிள்ஸ்' விதிகளையும் சொற்களாகவே எழுதுகிறார்கள். பேரன் அலுவலகத்துக்காரர்கள் சலித்துக்கொண்டதும் இந்தப் புது வழக்கத்தில் வந்த நீளத்தைப் பார்த்துத்தான். விரல் வலி ஒரு பக்கம், பொருள் தெளிவு ஒரு பக்கம்; தராசு இப்படித்தான் ஆடிக்கொண்டிருக்கிறது.

'பி' யாருக்குப் போனது என்று கேட்பீர்கள். போர்ட்டுக்குக் கொடுத்துவிட்டானாம், ஒரு நாளைக்கு அதிகம் தட்டுவது அதைத்தான். பெர்மனென்டுக்குச் சுருக்கமே இல்லை. அந்தச் சொல்லைச் சேர்த்தால்தான் மாற்றம் நிலைக்கும். சேர்க்காவிட்டால் தீயரண் மறுபடி தொடங்கும்போது மறைந்துவிடும். நிரந்தரம் என்பதை ஒருவன் முழுசாக எழுதட்டும் என்று முடிவு செய்தானாம். எங்கள் 'ஆர். டிஸ்.' ஞாபகம் வந்தது எனக்கு.

முன்பு சொன்ன ௵, ௴, ௸ முதலான குறிகளுக்கு 2003-இல் யூனிகோடு எழுத்துப் பட்டியலில் இடம் கிடைத்துவிட்டது. கணினி அவற்றைக் காட்டும். ஆனால் வாசிக்கிற மனிதர்கள்தான் குறைந்துகொண்டே வருகிறார்கள். உங்கள் வீட்டுப் பெட்டியில் பழைய பத்திரமோ கணக்கு நோட்டோ இருந்தால், ஒரு மத்தியானம் எடுத்து உட்காருங்கள். அசலில் எதையும் எழுதாமல், தனித் தாளில் ஒவ்வொரு சுருக்கத்துக்கும் முழுச் சொல்லை எழுதிக் கூடவே வையுங்கள். 'ஷை' என்றால் மேற்படி என்று தெரிந்த கடைசித் தலைமுறை அநேகமாக நாம்தான். நாளைக்கு ஒரு தகராறு வந்தால், அந்த ஒரு தாளாவது நம் பிள்ளைகளுக்குப் பேசும்.